எங்கே வைக்கட்டும் என்று கேட்ட குடம்

வெள்ளாங்கரையில் யாருக்காவது விக்கல் எடுத்தால் இப்போதும் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். விக்கினவர் கையில் இருப்பதைக் கீழே வைப்பார், பிடரியைத் தடவுவார், "ஆவுட என்னத்தையோ எம்மேல வச்சிட்டா" என்பார், பிறகு விட்ட இடத்திலிருந்து தன் சோலியைப் பார்ப்பார். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து மிரளுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது கரண்ட் போய் வருவது மாதிரிதான்.

ஆவுடை தேர்முக்கில் டி.டி.பி. கடை வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, சடங்குப் பத்திரிகை, கலெக்டருக்கு மனு, காலேஜ் பிள்ளைகளின் ஆய்வேடு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று, அந்த ஊரில் பிறந்து வளர்ந்து கட்டிக் கொடுத்துச் செத்தும் போன எல்லாருடைய பெயரும் அவள் விரல் வழியாகத்தான் போயாக வேண்டும். அவள் புருஷன் துரைப்பாண்டி ஊருக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் மினிபஸ் ஓட்டினான். அதிர்ந்து பேசாதவன், ஹாரன் அடிக்கிறதற்குக்கூட யோசிப்பான்.

அவர்களுக்கு ஒரே ஒரு பிள்ளை பிறந்தது, பொம்பளைப் பிள்ளை. காலையில் பிறந்து, பெயர் வைக்கக்கூட நேரம் கொடுக்காமல், உச்சிப்பொழுதுக்குள் போய்விட்டது. ஆபரேஷன் மயக்கத்தில் கிடந்த ஆவுடை அதன் முகத்தைப் பார்க்கவில்லை, துரைப்பாண்டி மட்டும் பார்த்தான். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தவளின் காதோரம் குனிந்து அவன் என்னென்னவோ சொன்னான், அதில் "கண்ணத் தொறந்து பாத்தாட்டி" என்கிற ஒன்று மட்டும் அவளுக்குள் இறங்கியது. அதன்பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. தொட்டில் கட்டுவதற்காக உத்தரத்தில் அடித்த கொக்கியைக்கூட எடுக்கவில்லை, பேசினால்தானே எடுப்பதற்கு. என்றைக்காவது நெஞ்சில் தெம்பு வரும்போது அவனை உட்காரவைத்து முழுசாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஆவுடை ஒத்திப்போட்டு வைத்திருந்தாள். அவனிடம்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்பது அவளுடைய தைரியம்.

கடையில் இருந்த பெரிய கம்ப்யூட்டர் வைகாசி முகூர்த்தம் வந்தால் மூச்சு வாங்கும். வீட்டில் சோறு வேகிற நேரத்தில் நாலு வரி தட்டவும், சாவு விழுந்த துட்டி வீட்டுக்கே கொண்டுபோய் உறவுக்காரர்களின் பெயரைக் கேட்டுக் கேட்டு ஏற்றவும், இரண்டாவதாக ஒரு லேப்டாப் இருந்தால் தேவலை என்று பட்டது. ஜங்ஷனில் பழைய சாமான் விற்கிற ஷாகுல் கடையில், ஓரம் நசுங்கி, மூடி திறக்கும்போது முனகுகிற ஒன்றை வாங்கினாள்.

லேப்டாப் வாங்குவது லேசு. அதில் எழுதுவதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் வேண்டுமே, பாடு அங்கேதான் வந்தது. ஊர் உலகமெல்லாம் வைத்திருக்கிறதை வாங்கலாம் என்றால் அதற்கு வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டுமாம், கொஞ்ச வருஷச் சந்தாவுக்கு அந்த லேப்டாப் மாதிரி இன்னொன்றே வாங்கிவிடலாம். சுண்டைக்காய் கால்பணம் சுமைகூலி முக்கால்பணம் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருட்டு நகல் சும்மா கிடைத்தது, ஆனால் அப்படி ஒன்றை ஏற்றப்போய் வைரஸ் விழுந்து, மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர் பத்திரிகையில் கட்டங்கட்டமாக அச்சாகி, அந்த மனுஷன் கடை வாசலில் நின்று கத்திய கத்தல் அவள் காதை விட்டுப் போகவில்லை. நெட்டிலேயே வைத்து எழுதுகிற வகை காசு கேட்காது, ஆனால் அவள் வீட்டில் சிக்னல் வேண்டுமென்றால் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும், உலையை வைத்துவிட்டு யார் தொட்டி ஏறுவது. ஊருக்கு உபகாரமாக நல்லவர்கள் பலர் சேர்ந்து இலவசமாகச் செய்து கொடுக்கிற பெரிய சாஃப்ட்வேர் ஒன்றையும் ஏற்றிப் பார்த்தாள். அது குணத்தில் தங்கம், ஆனால் அந்தக் கிழட்டு லேப்டாப்பில் அது கண்விழிப்பதற்குள் சோற்றை வடித்து ரசமும் வைத்துவிடலாம், அவளுடைய பழைய எழுத்துருவைப் போட்டாலோ கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கோபித்துக்கொண்டு நின்றன.

மறுபடியும் ஷாகுல் கடைக்கே போய் நின்றாள்.

"அக்கா, சின்னதா ஒண்ணு இருக்கு," என்றான் ஷாகுல். "பேரு கெடையாது, காசு கெடையாது, நெட்டும் வேண்டாம். தமிழு பிசகாம வரும். ஒரே ஒரு கொறதான்."

"என்ன கொற?"

"தட்டுனத வைக்கதுக்கு அதுக்குள்ள எடம் கெடையாது. எடம் நீங்கதான் காட்டணும்."

"பென்டிரைவுல வச்சிக்கிட்டாப் போச்சு."

"அதுவே கேக்கும்க்கா, அப்பம் காட்டுங்க," என்றான் ஷாகுல், அவள் முகத்தைப் பார்க்காமல் எதையோ துடைத்துக்கொண்டு.

திரையில் அதற்கு அடையாளமாக ஒரு சின்ன மண்குடம் இருந்தது. தொட்டதும் திறந்தது, வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது, எழுத்து எண்ணெய் போட்டதுபோல ஓடியது. அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மா மகளுக்குச் சடங்குப் பத்திரிகை தட்டி முடித்துவிட்டு ஆவுடை சேமிக்கச் சொன்னபோது, 'எங்கே வைக்கட்டும்?' என்று ஒரு பெட்டி வந்தது. அதற்குக் கீழே வழக்கமான டிரைவ் பெயர்களுக்குப் பதிலாகக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஆட்களின் பெயர்கள் இருந்தன. டீக்கடைப் பரமேசு, பூக்கட்டும் கிருஷ்ணம்மா, சாப்பிட வந்திருந்த துரைப்பாண்டி, கடைசியில் ஆவுடை. துரைப்பாண்டிக்கும் ஆவுடைக்கும் நடுவில் பெயரே இல்லாமல் வெற்றாக ஒரு வரி. தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா, இலவசத்துக்கு இந்தச் சொத்தை இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதைத் தள்ளிவிட்டு, கிருஷ்ணம்மாவைத் தொட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணம்மா ஒரு தடவை விக்கினாள்.

மறுநாள் மண்டபத்தின் பெயரைத் திருத்துவதற்காகப் பத்திரிகையைத் திறந்தபோது, பூக்கட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாவின் கை நின்றது. கண் எங்கோ போய் நின்றது. தன்னுடையதும் இல்லாத, வேறு யாருடையதும் இல்லாத ஒரு குரலில், "நடுவில், பெரிய எழுத்தில், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ்" என்று ஆரம்பித்து, தாய்மாமன் சீர்வரிசை நேரம் வரைக்கும் ஒப்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல ஆவுடையின் திரையில் எழுத்து வந்து நின்றது. முடிந்ததும் கிருஷ்ணம்மா நாரை மறுபடி இழுத்து, "அக்கா, மண்டபம் மாறிட்டுல்லா, அத மட்டும் மாத்திருங்க" என்றாள்.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பயப்படுவார்கள், பூசாரியைக் கூப்பிடுவார்கள், லேப்டாப்பைத் தூக்கி ஆற்றில் போடச் சொல்வார்கள் என்றுதான் ஆவுடை நினைத்தாள். நடந்ததோ மரியாதைச் சண்டை. கிருஷ்ணம்மாவின் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்று, "எம் மருமவ சடங்குப் பத்திரிகைய தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பெத்தவ மேல வச்சிருக்கியே, இது எந்த ஊரு மொறைம்மா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருப்பதாக எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து சுபகாரியப் பத்திரிகை எதுவானாலும் தாய்மாமன் மேல்தான் வைக்க வேண்டும் என்று ஆனது. அதற்கென்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் துண்டும் வைத்து, மாமனைக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் விக்கினதும் பொம்பளைகள் குலவை போட்டார்கள். பஞ்சாயத்துமேல் எழுதுகிற மனுக்களை விலைபோகாத ஆளாகப் பார்த்துத் தமிழாசிரியர் மேல் வைத்தார்கள். வெளியூருக்குப் பிழைக்கப் போகிறவர்கள் போவதற்கு முன்னால் தங்கள் மேல் இருப்பதை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டுப் போனார்கள். தங்கள் மேல் எதுவும் வைக்கப்படாதவர்கள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

சிக்கல் கண்ணீர் அஞ்சலியில்தான். போஸ்டரை அடித்து ஒட்டிவிட்டு அழித்துவிடலாம் என்றால் முடியாது; முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று நினைவஞ்சலிக்கு அதே வாசகம் வந்துகொண்டே இருக்கும், போன வருஷம் இருந்த பேரன் பெயர் இந்த வருஷம் இல்லையென்றால் குடும்பம் இரண்டாகிவிடும். ஆனால் அதை யார் மேல் வைப்பது? சொந்த மகன்களே, "ஆகாதுக்கா, வீட்ல சின்னப் புள்ளைய இருக்கு" என்று பின்வாங்கினார்கள். சாவை உடம்பில் வாங்கிக்கொள்ள எவனுக்குத் துணிச்சல் வரும்.

துரைப்பாண்டிதான் சொன்னான். "எம்மேலயே வையி. பஸ்ஸுல அம்புட்டுப் பேர ஏத்துதேன், இவங்களையும் ஏத்திக்கிட்டாப் போச்சு."

"வேண்டாம்ங்க. ஒரு மாதிரியா இருக்கு."

"நமக்கு என்னட்டி ஆகப்போவுது? இனிமே ஆகதுக்கு என்ன இருக்கு?"

அவள் அவன் பெயரைத் தொட்டாள். அப்படியாக வெள்ளாங்கரையில் செத்த அத்தனை பேரும் ஒவ்வொரு விக்கலாகத் துரைப்பாண்டிக்குள் இறங்கினார்கள். அவன் கியர் மாற்றும்போது உதடு அசைய ஆரம்பித்தது. காது கொடுத்துக் கேட்டால் தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி, கண்ணீருடன் மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று ஓடிக்கொண்டிருக்கும். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் ரோஜாமாலையும் பத்தியும் கலந்த வாசம் போகவில்லை. ஊர் அதற்கும் பழகியது. அப்பாவைப் பறிகொடுத்தவர்கள் பஸ்ஸில் ஏறும்போது டிரைவர் சீட்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நினைவு நாளன்று ஸ்டியரிங்கில் மாலை போட்டார்கள். எவ்வளவு கூட்டமானாலும் பின்சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அங்கே ஆள் இருக்கிறது என்றார்கள், யார் என்று கேட்டால் பெயரும் சொன்னார்கள்.

இதற்கிடையில் டீக்கடைப் பரமேசு ஆற்றில் முங்கப்போனான். பிறந்ததிலிருந்து தாமிரபரணியில் மீனாகக் கிடந்தவன், தங்கச்சி பிள்ளைகளின் பத்திரிகைகள் வரிசையாக ஏறின பிறகு, நடு ஆற்றில் நீச்சல் மறந்துபோய்க் கையைக் காலை உதறினான். இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார்கள். "ஒண்ணு வந்தா ஒண்ணு போவத்தானவே செய்யும்" என்று அவனுக்கே டீ போட்டுக் கொடுத்தார்கள். தமிழாசிரியர் தன் அப்பாவின் குரலை மறந்தார். கிருஷ்ணம்மாவின் அண்ணன் சின்ன வயதில் தான் வளர்த்த கிடாவின் பெயரை மறந்துவிட்டு, எதை மறந்தோம் என்று தெரியாமல் இரண்டு நாள் அழுதான். போவது எது என்று யாருக்கும் பிடிபடவில்லை, பிடிபடாததை ஊர் ரொம்ப நேரம் யோசிப்பதும் இல்லை.

அப்போதுதான் துரைப்பாண்டிக்குத் தங்கச்சி முறையாகும் சொர்ணம் வந்தாள். அவள் புருஷன் வேறொருத்தியோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டிருந்தான்.

"மைனி, பெருசா என்ன இருந்தாலும் எம்மேல வையுங்க," என்றாள். "அந்த மூதிய நான் மறக்கணும். எடமே இல்லாம நெரப்பி வுட்டுருங்க."

ஆவுடையிடம் ஒரு காலேஜ் பையனுடைய மண்புழு பற்றிய ஆய்வேடு இருந்தது, தலையணை கனம். அதை வைத்தாள். சொர்ணம் விக்கி, விக்கி, விக்கி, மூச்சு முட்டி, கடைசியில் கடை வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். அன்றிலிருந்து மண்புழுவின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

ஆனிமாதக் காற்று அடிக்கிற ஒரு மத்தியானம் அவள் மறுபடி வந்தாள். தெரு ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் சொர்ணத்தின் வாயிலிருந்து முதலில் வந்தது புருஷனுக்கான வசவுதான்.

"அந்த நாசமாப் போறவன் அப்படியே இருக்கான் மைனி, ஒரு மயிரு கொறயல. எங்கம்மா என்னயத் தூங்க வைக்கப் பாடுவால்லா, அது போயிட்டு. அது எப்படி ஆரம்பிக்கும்னுகூட வரல. படிச்ச பள்ளிக்கூடம் போயிட்டு. மொதமொத கடலப் பாத்தது போயிட்டு. நான் யார்ட்டயும் சொல்லாம பொத்திப் பொத்தி வச்சிருந்ததெல்லாம் போயி, தெனம் நாலு பேர்ட்ட திட்டித் தீக்கேனே அவன், அவன் மட்டும் சட்டமா உக்காந்திருக்கான்."

ஆவுடையின் விரல் விசைமேல் அப்படியே நின்றது. பரமேசு தன் நீச்சலைப் பற்றி யாரிடம் பேசியிருப்பான்? தமிழாசிரியர் அப்பாவின் குரலை யாருக்குப் பேசிக் காட்டியிருப்பார்? புழங்காத பாத்திரத்தைத்தானே முதலில் பரணிலிருந்து இறக்கிப் பழைய இரும்புக்காரனுக்குப் போடுவோம். குடமும் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது. சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் முதலில் வெளியே தள்ளியிருக்கிறது. அவளும் துரைப்பாண்டியும் சொல்லாமல் வைத்திருந்தது உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான்.

கடையைச் சாத்தாமல், சொர்ணத்திடம் ஒரு வார்த்தை சொல்லாமல், லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். துரைப்பாண்டி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். உதடு அதுபாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள், மூச்சிரைக்க. "நம்ம புள்ள அன்னைக்குக் கண்ணத் தொறந்தாள்லா. எப்படிப் பாத்தா? சொல்லுங்க, இப்பவே சொல்லுங்க."

துரைப்பாண்டி அவளை ஏறிட்டான். கனிவாகத்தான் பார்த்தான், துட்டி சொல்ல வந்தவர்களைப் பார்க்கிற கனிவு.

"யாரு வீட்டுப் புள்ளட்டி?" என்றான். "போஸ்டரு அடிக்கணுமா?"

ஆவுடை அவன் எதிரிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, அவன் மேல் வைத்திருந்த ஒவ்வொன்றையும் அழித்தாள். அழிக்கவா, அழிக்கவா என்று குடம் கேட்டுக்கொண்டே இருந்தது, அழி, அழி என்று அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். ஊரின் தகப்பன்மார்களும் ஆத்தாமார்களும் மருமக்களோடும் பேரன் பேத்திகளோடும் ஒவ்வொருவராக அவனை விட்டு இறங்கிப் போனார்கள். நாளைக்கு எத்தனை குடும்பங்கள் சண்டைக்கு வரும் என்று அவள் யோசிக்கவே இல்லை. அவன் உதடு நின்றது. வாசம் நின்றது. "என்னமோ வண்டி காலியா ஓடுத மாதிரி இருக்கு" என்றான். மறுபடியும் கேட்டாள். அவன் நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, பாவம், முக்கி முக்கித் தேடிப்பார்த்தான்.

"நெனப்பு வரலட்டி. கோவப்படாத."

குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் போகும், அதற்கு முன்னால் அதில் இருந்த பால் திரும்பியா வரும்? ஆவுடை வாய்விட்டு அழுதாள். அவன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. ஒருநாள், ஒரே ஒரு நாள், சாயங்காலம் காப்பி குடிக்கும்போது கேட்டிருக்கலாமே, அதற்கு என்ன தெம்பு வேண்டிக்கிடந்தது என்று தன்னையே வைதாள். ஏன் அழுகிறாள் என்று தெரியாமலேயே அவன் எச்சில் கையோடு எழுந்து வந்து அவள் தலையைத் தொடப்போய், கை சோறு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டான்.

அழுது முடிந்ததும் அவள் புதுப் பக்கம் திறந்தாள். தனக்குத் தெரிந்ததைத் தட்டினாள். பொம்பளைப் பிள்ளை. காலையில் வந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தாள். அதற்குமேல் தட்ட அவளிடம் எதுவும் இல்லை. 'எங்கே வைக்கட்டும்?' என்றது குடம். துரைப்பாண்டி மேல் வைக்கலாம்தான். வைத்தால், கேட்கும்போதெல்லாம் அந்தக் குரலில், நடுவில், பெரிய எழுத்தில் என்று ஒப்பிப்பான். அதைக் கேட்க அவளால் ஆகாது. தன் மேலேயே வைத்துக்கொள்ளலாம் என்று விரலைக் கீழே இறக்கும்போது, அவன் பெயருக்கும் அவள் பெயருக்கும் நடுவில், அந்த வெற்று வரி இருந்தது.

இத்தனை நாள் ஊரில் எத்தனையோ பெயர்கள் அந்தப் பெட்டியில் வந்தன, போயின. இது மட்டும் வீட்டில் திறந்தாலும் கடையில் திறந்தாலும் துட்டி வீட்டில் திறந்தாலும் இதே இடத்தில், இவள் பெயரை ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. பெயர் வைக்காத ஆள் ஒன்று, கூப்பிடு தூரத்தில். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்த புருஷனை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆவுடை அந்த வரியைத் தொட்டாள்.

தொட்டில் கொக்கிக்குக் கீழே, ஒன்றுமே இல்லாத தரையில், சின்னதாக ஒரு விக்கல் கேட்டது.

துரைப்பாண்டி தலையைத் திருப்பினான். மறுபடியும் கேட்டது. பிறந்த பிள்ளைகள் விக்குமே, உடம்பைத் தூக்கிப் போடுகிற மாதிரி, அது.

"யாரு வீட்டுப் புள்ளட்டி விக்குது?"

"நம்ம வீட்டுப் புள்ளதான்."

அவன் மெல்ல நடந்து கொக்கிக்குக் கீழே போய் நின்றான். "பச்சப்புள்ள விக்குனா வளருதுன்னு அர்த்தம்" என்றான், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் எல்லாரும் சொல்வதைப் போல. பிறகு குரலைத் தாழ்த்தி, "முழிச்சிருக்காளா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாது," என்றாள் ஆவுடை. "நான் பாக்கல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

துரைப்பாண்டி முழங்காலை மடித்து உட்கார்ந்தான். தரையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தான். தட்டில் பிசைந்து வைத்த சோற்றில் ஈ மொய்த்தது, ஆவுடை எழுந்திருக்கவில்லை.

"முழிச்சித்தான் இருக்கா," என்றான் கடைசியில். "ஏட்டி, என்னயத்தான் பாக்கா."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான், பாதி மயக்கத்தில் அவளுக்குள் இறங்காமல் போனதையெல்லாம். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு, ஆவுடைக்கு இருப்பதுபோலவே. மூடின கைக்குள் மூடின கட்டைவிரல். ஆவுடை அதைத் தட்டச்சு செய்யவில்லை. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

கண்ணீர் அஞ்சலிகளுக்காக ஊர் சண்டைக்கு வரத்தான் செய்தது. வந்தவர்களிடமெல்லாம் அவள் முதலில் இதைச் சொன்னாள், கேட்டுவிட்டு அவர்கள் சண்டை போடாமல் போனார்கள். போய், தங்கள் வீட்டில் பொத்தி வைத்திருந்ததையெல்லாம் எடுத்துப் பேசத் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்கு அந்த ஊரில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. இன்றைக்கும் நீங்கள் ஒரு பத்திரிகை அடிக்க அந்தக் கடைக்குப் போனால், உங்கள் மேட்டரை வாங்குவதற்கு முன்னால் ஆவுடை தன் மகளின் இடது புருவத்தைப் பற்றிச் சொல்வாள். பலதடவை கேட்டவர்களும் முகம் சுளிக்காமல் நின்று கேட்பார்கள். அந்தப் பெட்டியில் நடு வரி இப்போது வெற்றாக இல்லை என்றும் சொல்வாள். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டாள், உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டுக் காட்டுவாள். கடைக்குள்ளிருந்து சின்னதாக ஒரு விக்கல் கேட்கும்.